தோட்டக்காட்டுக்குப் போன பூட்டனைத் தேடுவது: கண்டிச் சீமையிலிருந்து திருநெல்வேலி வயல் வரை

இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னால் தேயிலைத் தோட்டங்களுக்கும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன சம்சாரி (விவசாயி) குடும்பங்களின் வாரிசுகள் இன்று கண்டியிலும் இருக்கிறார்கள், கோத்தகிரியிலும் இருக்கிறார்கள், சென்னையிலும் இருக்கிறார்கள். "எங்க பூட்டன் நாங்குநேரிப் பக்கம் வெள்ளாமை பாத்தவரு, பஞ்சத்துல கண்டிக்குப் போயிட்டாரு" என்ற ஒற்றை வரிதான் பலர் கையில் மிஞ்சியிருக்கும். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கண்டுபிடிக்கலாம். ஆவணங்கள் ஒத்துழைத்தால் அவர் உழுத வயலின் சர்வே எண் வரைக்கும் போகலாம்.

தேடத் தொடங்குகிறவர்கள் செய்யும் முதல் தவறு, பூட்டனின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு அதையே எல்லா இடத்திலும் தேடுவது. நம் பக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். பேரன் என்ற சொல்லே அப்படி வந்ததுதான். ஆகவே ஒரே குடும்பத்தில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை சுடலைமுத்து இருப்பார். அதே தெருவில் பெரியப்பா சித்தப்பா வழியில் இன்னும் மூன்று சுடலைமுத்து இருப்பார்கள். குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர்தான் அடையாளம். அதையும் கடல் தாண்டிய இடத்தில் ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். நிலம் அப்படியில்லை. அதற்கு எண் உண்டு, எல்லை உண்டு, படம் உண்டு. எனவே தேடும் வரிசை இதுதான்: குடும்பத் தாளிலிருந்து ஊர், ஊரிலிருந்து வருவாய் கிராமம், கிராமத்திலிருந்து சர்வே எண், அந்த எண்ணுக்கு எதிரே யார் பெயர். பெயர் கடைசியில்தான் வரும்.

வீட்டில் இருப்பது

டிரங்குப் பெட்டியிலும் பரணிலும் உள்ள தாள்களை எல்லாம் எடுத்து, பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் செல்போனில் படம் எடுங்கள். பின்பக்கம் முக்கியம், பத்திரப் பதிவு எண், சாட்சி, முத்திரைத்தாள் வாங்கியவர் பெயர் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பழைய தாளை லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது.

பெரியவர்களிடம் "எத்தனாம் வருஷம் போனார்?" என்று கேட்டால் பதில் வராது. நடந்த விஷயத்தை வைத்துக் கேளுங்கள். தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னேயா பின்னேயா? அது 1876-78. மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்டதற்கு முன்னேயா? 1911 ஜூன். ஊரையே வாரிக்கொண்டு போன விஷக்காய்ச்சல்? 1918. பர்மாவிலிருந்து சனங்கள் நடந்து வந்தது? 1942. இப்படி இரண்டு பக்கமும் முளை அடித்துவிட்டால் பத்து வருஷ இடைவெளிக்குள் காலம் சிக்கிவிடும்.

போன வழியும் காலத்தைச் சொல்லும். மன்னார்க் காட்டு வழியாக நடந்தே மலைநாட்டுக்குப் போனார்கள் என்றால் அது 19-ம் நூற்றாண்டுக் கதை. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறை முகாமில் தங்க வைத்தார்கள் என்றால் மண்டபம் முகாமுக்கு முந்தியது. தனுஷ்கோடியில் ரயில் இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள் என்றால் 1914-க்குப் பிறகு. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைத் தோட்ட வேலைக்குப் புதிதாக ஆள் போவதைத் தடை செய்துவிட்டது. ஆகவே முதல்முதலாகப் போனது அதற்கு முன்னால் இருக்க வேண்டும்.

சொற்களிலும் கவனம் வேண்டும். நம் பக்கத்துப் பேச்சில் 'கண்டி' என்றால் மலைநாடு முழுக்க, 'கொழும்பு' என்றால் இலங்கை முழுக்க. 'தேயிலைக்குப் போனார்', 'மலைக்குப் போனார்' என்பதை உடனே இலங்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிங்கம்பட்டி ஜமீன் காட்டை 1929-ல் குத்தகைக்கு எடுத்துத்தான் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் உண்டானது. திருவிதாங்கூரில் பீர்மேடு, மூணாறு பக்கமும் நம் ஆட்கள் ஏராளமாகப் போனார்கள். இலங்கை ஆவணத்தில் ஒரு வருஷம் தேடிவிட்டு, கடைசியில் ஆள் மூணாற்றில் இருந்தார் என்று தெரிந்தால் அத்தனையும் வீண். கடல் கடந்ததற்கு ஒரு சான்றாவது கிடைத்த பிறகு அங்கே கையை வையுங்கள்.

பெரியவர்களிடம் கட்டாயம் கேட்க வேண்டியவை இன்னும் இரண்டு. குலதெய்வம் எது, எந்தச் சாஸ்தா? தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போன கங்காணி யார்?

கங்காணியைப் பற்றிக் கேட்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், நேட்டாலுக்கோ மொரீஷியஸுக்கோ ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்கு ஆள்வாரியாகப் பதிவு உண்டு. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போனவர்களின் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா, ஜில்லா எல்லாம் இருக்கும். மொரீஷியஸ் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. உங்கள் ஆள் அந்தப் பக்கம் போயிருந்தால் அதிர்ஷ்டக்காரர். இலங்கைக்குப் போனது அப்படியில்லை. ஒப்பந்தம் இல்லாமல், கங்காணி கொடுத்த முன்பணத்தின் பேரில் கூட்டமாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அரசாங்கப் பாஸ் எழுதப்படவில்லை. கணக்கெல்லாம் கங்காணியிடமும் செக்ரோல் என்ற தோட்டத்து ஆள் கணக்குப் பதிவேட்டிலும்தான். ஆனால் கங்காணி தன் ஊரிலிருந்தும், தன் சொந்தபந்தத்திலிருந்தும், சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும்தான் ஆள் சேர்த்தார். கங்காணியின் ஊர் தெரிந்தால் உங்கள் பூட்டனின் ஊர் அங்கிருந்து நடை தூரத்தில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தலைக்கங்காணிகள் கையில் காசு சேர்ந்ததும் ஊரில் நிலம் வாங்கினார்கள், கோயிலுக்கு மணியும் விளக்கும் எழுதி வைத்தார்கள். அதனால் சாதாரணத் தொழிலாளியைவிடக் கங்காணியின் பெயர் ஆவணத்தில் எளிதாகக் கிடைக்கும்.

இலங்கைத் தாள்கள்

பின்னாலிருந்து முன்னால் போங்கள். முதலில் தாயகம் திரும்பிய காலத்துத் தாள்கள். 1964 அக்டோபர் 30-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவானது. மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்படி வந்தவர்கள் வீட்டில் இந்தியப் பாஸ்போர்ட், குடும்ப அட்டை, மண்டபம் முகாம் சீட்டு, மறுவாழ்வுக் கடன் தாள் என்று ஏதாவது இருக்கும். ஒவ்வொன்றிலும் சொந்த ஊர், தாலுகா எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தாலும் அப்படியே நம்பிவிட வேண்டாம். இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவரிடம் ஊரைக் கேட்டால், தாத்தா சொன்ன பெயரையோ, கடிதம் வந்துகொண்டிருந்த தபாலாபீஸ் ஊரையோ சொல்லியிருப்பார். அது தேடலுக்குத் துப்பு. தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

அதற்கு முன்னால், 1949-ம் ஆண்டு இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் கொடுத்த மனுக்கள். மனுக் கொடுக்க 1951 ஆகஸ்டு வரை அவகாசம் இருந்தது. 1946 ஜனவரி 1-க்கு முன் இடைவிடாமல் குடியிருந்ததை நிரூபிக்க வேண்டும். கல்யாணமானவருக்கு 7 ஆண்டு, ஆகாதவருக்கு 10 ஆண்டு. இதற்காகக் குடும்பங்கள் தோட்டத்துச் சான்று, பிறப்புப் பதிவு எல்லாவற்றையும் திரட்டினார்கள். மனு தள்ளுபடி ஆகியிருந்தாலும் வீட்டில் அந்த நகல் கிடந்தால் பொன் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்தத் தோட்டத்தில் எந்தெந்த வருஷம் இருந்தார்கள் என்பது அதில் வரிசையாகக் கிடைக்கும்.

தோட்டத்தின் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்று. பாட்டி சொன்ன பெயரை வரைபடத்தில் தேடினால் வராது. ஃபெர்குசன் என்ற பழைய இலங்கை டைரக்டரியில் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களும் கொடுக்கப்பட்டிருக்கும். அதை வைத்து இணைத்துக்கொள்ளலாம். தோட்டம் உறுதியானால் அது எந்த மாவட்டத்தில் சேர்ந்தது என்று பார்த்து, அங்குள்ள பதிவாளரிடம் பிறப்பு இறப்புப் பதிவின் நகல் கேளுங்கள். தேடுகிற வருஷத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு வருஷம் சேர்த்தே கேளுங்கள். தோட்டத்திலேயே செக்ரோல் கிடைக்கும் என்று மட்டும் நம்பிப் போக வேண்டாம். 1972, 1975 நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992-ல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளுக்கு வந்தது. கைமாறிய இடங்களில் பழைய கணக்குகள் தங்குவது அரிது.

பெட்டியில் ஓட்டை போட்ட சிறு தகர வில்லை ஒன்று கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆள் தப்பிப் போகாமல் சரியான தோட்டத்துக்கு அனுப்புவதற்காகக் கழுத்தில் கட்டிவிட்டது அது. தோட்டத்துக்குரிய குறியும் எண்ணும் அதில் அடித்திருக்கும்.

ஊர்ப் பெயர் எந்தக் கிராமம்?

ஊர்ப் பெயர் கிடைத்ததும் வேலை முடிந்தது போல் தோன்றும். உண்மையில் கடினமான இடம் இங்கேதான் தொடங்குகிறது.

மக்கள் சொல்லும் ஊர் பெரும்பாலும் குக்கிராமம். அரசாங்கக் கணக்கில் அது ஒரு வருவாய் கிராமத்தின் உட்கடை. நிலக் கணக்கு எல்லாம் வருவாய் கிராமத்தின் பெயரில்தான் இருக்கும். 'விளை' என்று முடியும் ஊர்கள் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் நெருக்கமாகக் கிடக்கின்றன. அவற்றில் பல தனிக் கிராமம் அல்ல. புதூர் என்ற பெயரில் மட்டும் எத்தனை ஊர் இருக்கிறது என்று சொல்லவே வேண்டாம். பக்கத்துக் குளம் எது, சந்தை எங்கே, எந்த ஊர் வழியாக ரயிலடிக்குப் போவார்கள் என்று கேட்டுத்தான் ஒன்றாகக் குறைக்க வேண்டும். 'வயலில் காரும் பிசானமும் விளையும்' என்று இரண்டு போக நெல்லைப் பாட்டி சொல்லியிருந்தால் அது தாமிரவருணிப் பாசனத்துக்கு உட்பட்ட ஊர். 'பனையேறி, கருப்பட்டி காய்ச்சி, கொஞ்சம் புஞ்சை உழுது' என்றால் தேரிக்காட்டுப் பக்கம் பாருங்கள்.

அடுத்து எல்லை மாற்றங்கள். பழைய திருநெல்வேலி ஜில்லாவில் 19-ம் நூற்றாண்டில் ஒன்பது தாலுகா: திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், தென்காசி, சங்கரநயினார்கோயில், நாங்குநேரி, தென்கரை, ஒட்டப்பிடாரம், சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர். தென்கரை என்ற தாலுகாவை இன்று தேடினால் கிடைக்காது. ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் பக்கம்தான் அது. சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910-ல் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போயின. தூத்துக்குடி 1986-ல் பிரிந்தது, தென்காசி 2019 நவம்பரில் பிரிந்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம். அந்த ஊர்க்காரர் பழைய ஆவணத்துக்குத் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தைத்தான் பார்க்க வேண்டும். இதைக் கவனிக்காமல் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் கேட்டுவிட்டு, 'பதிவே இல்லை' என்று திரும்புகிறவர்கள் பலர்.

ஆங்கில ஆவணத்தில் ஜில்லாவின் பெயர் 'தின்னவேலி' என்ற உச்சரிப்பில் இருக்கும். ஊர்ப் பெயரும் அப்படித்தான் சிதைந்திருக்கும். எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டுச் சத்தமாகப் படித்துப் பாருங்கள், பாதி ஊர்கள் காதுக்குத் தெரிந்துவிடும்.

சர்வே எண்

இன்று இணையத்தில் அரசு நிலச் சேவைப் பக்கத்தில் அ-பதிவேடு, சிட்டா, புலப்படம் எல்லாம் எடுக்கலாம். அங்கே வருவது 1980-களில் நடந்த யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுத் திருத்தத்துக்குப் பிந்தைய கணக்கு. பூட்டன் காலம் அதற்கும் முந்தியது. நிலத்தை அளந்து தீர்வை (நிலவரி) நிர்ணயிக்கும் முதல் சர்வே செட்டில்மென்ட் 1860, 70-களில் நடந்தது. அதைத் திருத்திய ரீசெட்டில்மென்ட் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அந்த ரீசெட்டில்மென்ட் பதிவேடுதான் நமக்கு வேண்டியது. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நஞ்சையா புஞ்சையா, எந்தக் குளத்துப் பாசனம், மண் வகை, தரம், பரப்பு, தீர்வை, பட்டா எண், பட்டாதார் பெயர் என்று கட்டம் கட்டமாக இருக்கும்.

பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றாக இருக்காது. உட்பிரிவு பெருகியிருக்கும், சில ஊர்களில் எண்ணே மாறியிருக்கும். எனவே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் தொடர்புப் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம், பிறகு தாலுகா ஆபீஸ் பதிவறையில், அங்கும் இல்லையென்றால் கலெக்டர் ஆபீஸ் பதிவறையில். வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மனுவில் கதை எழுதாதீர்கள். "இன்ன வட்டம், இன்ன வருவாய் கிராமத்தின் ரீசெட்டில்மென்ட் பதிவேட்டில், பழைய சர்வே எண் இன்னது முதல் இன்னது வரை உள்ள பக்கங்களின் சான்றிட்ட நகல்" என்று ஒரே வரி போதும். 'என் பூட்டன் நிலம் எங்கே இருக்கிறது' என்று கேட்டால், அப்படி ஒரு தகவல் தங்களிடம் இல்லை என்று பதில் வரும். அவர்கள் சொல்வதும் சரிதான்.

இந்த இடத்தில் ஏமாறும் விதங்கள் மூன்று. செத்துப் போனவர் பெயரிலேயே பட்டா 40, 50 வருஷம் ஓடும்; ஆகவே பட்டாவில் பெயர் இருப்பதை வைத்து அந்த வருஷம் அவர் உயிரோடு இருந்தார் என்று முடிவு கட்ட முடியாது. அடங்கலில் சாகுபடி செய்தவர் பெயர் இருக்கும், ஆனால் பழைய அடங்கல்கள் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிட்டன. மூன்றாவது ஜமீன். எட்டயபுரம், ஊத்துமலை, சிவகிரி, சிங்கம்பட்டி போன்ற ஜமீன் ஊர்களில் குடியானவர் கணக்கு ஜமீனிடம்தான் இருந்தது. 1948-ம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அங்கே அரசு செட்டில்மென்ட் நடந்தது. அதற்கு முன்பே ஊரை விட்டுப் போனவரின் பெயர் அரசுப் பதிவேட்டில் இல்லாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

1980 வரை ஊர்க் கணக்கு பரம்பரைக் கர்ணத்திடமும் (கணக்கப்பிள்ளை) கிராம முன்சீப்பிடமும் இருந்தது. சில கணக்கப்பிள்ளை வீடுகளில் பழைய கணக்குக் கட்டுகள் இன்னும் இருக்கின்றன. மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள்.

பத்திரங்கள்

ஊரை விட்டுப் போகிறவன் நிலத்தைச் சும்மா விட்டுவிட்டுப் போகமாட்டான். அண்ணன் தம்பிக்குத் தன் பங்கை விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பான், அல்லது ஒத்திக்கு வைப்பான், முடியாதபோது கிரயம் பண்ணுவான். பதிவுச் சட்டம் 1860-களிலேயே வந்துவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்துக்கு 1-ம் புத்தகம். அதற்கு அட்டவணை இரண்டு. முதல் அட்டவணை ஆள் பெயர்ப்படி, இரண்டாவது கிராமம், சொத்துப்படி. 1-ம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உயில்கள் உள்ள 3-ம் புத்தகத்துக்கும் இதர ஆவணங்கள் உள்ள 4-ம் புத்தகத்துக்கும் அப்படி உரிமை கிடையாது.

எல்லோரும் முதல் அட்டவணையைத்தான் கேட்பார்கள். நீங்கள் இரண்டாவதைக் கேளுங்கள். பெயர் எப்படித் திரிந்திருந்தாலும் கிராமத்தின் பக்கத்தில் அந்த வருஷத்துப் பத்திரங்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். அதில் தகப்பன் பெயரோ அண்ணன் பெயரோ கண்ணில் படும். தேடுதல் கட்டணம் வருஷக் கணக்கில் ஏறும் என்பதால், வீட்டில் விசாரித்துக் காலத்தைக் குறுக்கிக்கொண்ட பிறகே இங்கே வாருங்கள். அந்த அலுவலகம் எந்த வருஷம் தொடங்கியது, அதற்கு முன் அந்த ஊர் எந்த அலுவலகத்தில் இருந்தது என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் மனம் தளர வேண்டாம். 100 ரூபாய்க்குக் குறைந்த கிரயத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. அந்தக் காலத்தில் 100 ரூபாய்க்கு எவ்வளவோ நிலம் வாங்கலாம். சிறு சம்சாரியின் துண்டு நிலம் பதிவாகாமலே கைமாறியிருக்கும்; அந்தக் கைச்சீட்டு வாங்கியவர் வீட்டில்தான் இருக்கும்.

பழைய பத்திரத்தில் தேதியைப் படிப்பதற்குப் பழக்கம் வேண்டும். நம் பக்கத்தில் கொல்லம் ஆண்டும் அறுபது வருஷப் பெயரும் சேர்ந்து வரும், வருவாய்க் கணக்கில் ஃபசலி என்ற ஆண்டுக் கணக்கு வரும். ஓர் உதாரணம்: "கொல்லம் ௲௫௰௨ ௵ தாது வருஷம் தை ௴". ௲ என்பது ஆயிரம், ௫ ஐந்து, ௰ பத்து, ௨ இரண்டு, ஆக 1052. ௵ வருஷம், ௴ மாதம், நாளுக்கு ௳. கொல்லம் ஆண்டு இங்கே ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் மார்கழி நடு வரை 824-ஐயும், அதற்குப் பிறகு ஆடி வரை 825-ஐயும் கூட்ட வேண்டும். தை மாதம் என்பதால் 1052-உடன் 825. கிடைப்பது 1877 ஜனவரி. ஃபசலி ஜூலை 1-ல் தொடங்கும். 590-ஐக் கூட்டினால் தொடங்கும் ஆண்டு வரும். ஃபசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. தாது வருஷம் 1876 சித்திரையிலிருந்து ஓராண்டு. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இப்படிப் பொருந்தினால்தான் தேதியைச் சரியாகப் படித்திருக்கிறோம் என்று அர்த்தம். வருஷப் பெயர் மட்டும் இருந்தால் 60 வருஷம் தவறிவிடும். தாது 1936-லும் வந்தது. தமிழ் எண்களில் ௧ என்பது 'க' போலவும் ௭ என்பது 'எ' போலவும் ௮ என்பது 'அ' போலவும் இருக்கும். எழுத்தென்று நினைத்து எண்ணை விட்டுவிடாதீர்கள்.

பரப்பளவு ஏக்கரில் இல்லாமல் எவ்வளவு விதை விதைக்கலாம் என்பதை வைத்துக் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று இருக்கும். 21 மரக்கால் ஒரு கோட்டை. மரக்காலின் அளவே ஊருக்கு ஊர் மாறியதால், இணையத்தில் கிடைக்கும் ஏக்கர்க் கணக்கை அப்படியே போட்டுப் பார்க்க வேண்டாம். அதே கிராமத்தின் செட்டில்மென்ட் பதிவேட்டோடு ஒப்பிட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

கோயிலும் கோயில் ஏடும்

அரசுத் தாள் கைவிட்ட இடத்தில் சாஸ்தா கை கொடுப்பார். பங்குனி உத்திரத்துக்குத் திருநெல்வேலிச் சீமைக் குடும்பங்கள் எங்கிருந்தாலும் தங்கள் சாஸ்தா கோயிலுக்கு வந்து சேரும். எந்தச் சாஸ்தா என்று தெரிந்தால், அன்றைக்கு அங்கே போய் நில்லுங்கள். உங்கள் வகையறாவைச் சேர்ந்த பத்துக் கிளைகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். அம்மன் கோயில், சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவார்கள். அந்த வரி நோட்டில் தலைக்கட்டுகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். வெளியூர் போனவர் பெயரும் சில ஊர்களில் விடாமல் தொடரும். பழைய நோட்டு கோயில் பெட்டியிலோ நாட்டாமை வீட்டிலோ இருக்கும். குலதெய்வமே தெரியாதவர்கள் காரையாறு சொரிமுத்து அய்யனாரைக் கும்பிடும் வழக்கம் இருக்கிறது. ஆகவே 'சொரிமுத்து அய்யனார்தான் எங்கள் சாமி' என்று வீட்டில் சொன்னால், அதை வைத்து ஊரைத் தீர்மானிக்க முடியாது.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் வேலை எளிது. முதலூர், மெஞ்ஞானபுரம், இடையன்குடி, நாசரேத், சாயர்புரம் போன்ற சபைகளிலும், வடக்கன்குளம், காமநாயக்கன்பட்டி போன்ற கத்தோலிக்கப் பங்குகளிலும் ஞானஸ்நான ஏடு, திருமண ஏடு, அடக்க ஏடு வைத்திருப்பார்கள். பெரியவராகி ஞானஸ்நானம் பெற்றவருக்குப் பழைய பெயரும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மதம் மாறுமுன் இருந்த பட்டாப் பெயரோடு இணைக்க வேறு வழி கிடைப்பது அரிது. ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ முன்கூட்டிக் கடிதம் கொடுத்து, ஞாயிறும் பண்டிகை நாளும் இல்லாத நாளில் போங்கள்.

ஊருக்குப் போகும்போது

நிலத்தை இப்போது உழுகிறவர் பெரும்பாலும் உங்கள் பங்காளி வழிதான். நூறு வருஷம் கழித்து ஒருவர் சர்வே எண்ணோடு வந்து நின்றால், பங்கு கேட்க வந்திருக்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "அண்ணாச்சி, நெலம் கேட்டு வரல. எங்க பூட்டன் இந்த ஊர்ன்னு சொன்னாவ, அதான் பாத்துட்டுப் போவலாம்னு வந்தோம்." ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போவது நல்லது. முதல் நாளே பத்திர நகலை நீட்டாதீர்கள். கொடைக்கு ஒரு தலைக்கட்டு வரியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பேசினால் பேச்சு தானாக வரும்.

வயலுக்குப் போகும்போது புலப்படத்தையும், பழைய பத்திரத்தில் நான்கு எல்கை எழுதியிருக்கும் பக்கத்தையும் எடுத்துப் போங்கள். குளத்து மடையில் தண்ணீர் பாய்ச்சுகிறவர் யாரோ அவரைக் கூப்பிட்டு நில்லுங்கள். வயல்களின் பழைய பெயர்கள் அவருக்குத்தான் தெரியும். பத்திரத்தில் "இன்னார் வயலுக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் நஞ்சைக்குக் கிழக்கு, வரப்புப் பாதைக்கு வடக்கு" என்று இருக்கும். வாய்க்காலும் பாதையும் எளிதில் இடம் மாறாது, அவற்றை முதலில் பொருத்துங்கள். பிறகு பக்கத்து வயல்காரரின் பெயரை ரீசெட்டில்மென்ட் பதிவேட்டில் பக்கத்துச் சர்வே எண்ணுக்கு எதிரே பாருங்கள். நான்கில் மூன்று எல்கை பொருந்திவிட்டால் அந்த வயல்தான்.